போர் வருமுன் எழுதப்படும் கதை: ரான்ட் அறிக்கைகள் பற்றி ஒரு வாசிப்பு

ரான்ட் என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. குத்பாக்களில் கேட்டிருக்கிறோம், துண்டுப்பிரசுரங்களில் பார்த்திருக்கிறோம். 'இஸ்லாத்தை உள்ளே இருந்து உடைக்க அமெரிக்கா போட்ட திட்டம்' என்று ஒரு வரியில் சொல்லிப்போட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் படித்த ஆக்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அது இரகசிய ஆவணம் இல்லை. ரான்ட் கூட்டுத்தாபனமே அதைப் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு சதம் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். கதவு திறந்து கிடக்கிற வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே என்னவோ நடக்குது என்று ஊகம் கதைப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது.

உள்ளே போய்ப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. அரசியல் விஞ்ஞானம் படித்தவர்கள் இதை வேறு விதமாகச் செய்வார்கள். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பிரதியை வாசிப்பதுதான். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்பது. அப்படி வாசிக்கையில் எனக்குப் படுவது இது: ஓர் இராணுவம் இருபது முப்பது வருடங்களுக்கு முன்கூட்டித் திட்டமிடுவதற்கு இத்தகைய ஆய்வு நிலையங்கள் கொடுக்கிற பெரிய உதவி தகவல் அல்ல. கதையும் பெயரும்தான். வராத போருக்கு ஒரு கதை, அந்தக் கதைக்குள் வரப்போகிற மனிதர்களுக்கு ஒரு பெயர்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 ஒக்டோபரில், அமெரிக்க விமானப்படையின் தளபதி ஜெனரல் ஹென்றி ஆர்னல்ட் டக்ளஸ் விமானக் கம்பனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். போர்க்காலத்தில் படைக்கு வேலை செய்த விஞ்ஞானிகள் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பிப் போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை. கலிபோர்னியாவின் சான்டா மொனிக்காவில் வேலை தொடங்கியது. 1946 மே மாதம் வெளிவந்த முதல் அறிக்கை பூமியைச் சுற்றிவரக்கூடிய ஒரு செயற்கைக் கோளின் வடிவமைப்பைப் பற்றியது. சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் வானத்துக்குப் போவதற்குப் பதினொரு வருடங்கள் முந்தியது. 1948இல் டக்ளஸ் கம்பனியிலிருந்து பிரிந்து, போர்ட் மன்றத்தின் உதவியோடு, இலாப நோக்கற்ற தனிக் கூட்டுத்தாபனமாயிற்று.

படைக்கு இப்படியொரு நிறுவனம் என்னத்துக்கு? காரணம் காலம். படை அதிகாரி ஒருவர் ஒரு பதவியில் இரண்டு மூன்று வருடங்கள்தான் இருப்பார், பிறகு இடமாற்றம். சனாதிபதி நான்கு வருடத்தில் மாறலாம். ஆனால் ஆயுதத்துக்கு அப்படி இல்லை. பி-52 குண்டுவீச்சு விமானம் முதன்முதலில் பறந்தது 1952இல். இன்றும் அது சேவையில் இருக்கிறது. அதை ஓட்டுகிற பிள்ளையின் பாட்டனார் பிறந்த காலத்து விமானமாகவும் அது இருக்கலாம். இவ்வளவு நீண்ட காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்க, இடமாற்றமும் தேர்தலும் இல்லாத ஓரிடம் தேவைப்பட்டது. 1961இல் றொபர்ட் மக்னமாரா பாதுகாப்புச் செயலாளரானபோது ரான்ட் பொருளியலாளர் சார்ள்ஸ் ஹிச்சை நிதிப் பொறுப்புக்கு எடுத்தார். படைகளின் வரவுசெலவை ஒவ்வொரு வருடமாகப் பார்க்காமல் ஐந்து வருடத் திட்டமாகப் போடுகிற முறை அப்போதுதான் வந்தது. இதே ரான்டிலிருந்து போன அன்ட்ரூ மார்ஷல் 1973 முதல் 2015 வரை பெந்தகனுக்குள் நீண்ட காலப் போட்டிகளை மதிப்பிடும் அலுவலகத்தை நடத்தினார். நாற்பத்திரண்டு வருடங்கள். எத்தனை சனாதிபதிகள் வந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாமே மோசம் என்று சொல்வது நேர்மையாகாது. அல்பர்ட் வோல்ஸ்டெட்டர் 1954இல் முடித்த விமானத் தளங்கள் பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டில் தளம் அமைத்தால் செலவு குறையும் என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அவர் கேள்வியையே மாற்றினார். எதிரி முதலில் அடித்தால் இந்தத் தளங்களில் எது மிஞ்சும் என்று கேட்டார். கடல் கடந்த தளங்களில் விமானங்களை நிறுத்தி வைக்காமல் எரிபொருள் நிரப்ப மட்டும் பாவிக்கலாம் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. கொடுக்கப்பட்ட வினாவுக்கு விடை எழுதுவதோடு நிற்காமல் வினாவே சரியா என்று பார்க்கிற புத்தி எந்த வகுப்பறையிலும் பாராட்டப்பட வேண்டியதுதான்.

இனி கதைக்கு வருவோம். போரை எழுதுவது தமிழுக்குப் புதிதில்லை. புறத்திணை முழுக்கப் போர்தான். பரணி என்று தனி இலக்கிய வகையே இருக்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் படைப்போர் என்றொரு வகை உண்டு; நம்மட வாப்பாமாரின் காலத்தில் அவை இராகமெடுத்துப் படிக்கப்பட்டன. ஆனால் இவையெல்லாம் முடிந்த போரைப் பாடுகின்றவை. ரான்ட் வளர்த்த வகை இன்னும் வராத போரைப் பாடுகிறது. 'சினாரியோ' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல் ஹொலிவூட்டிலிருந்து வந்தது, திரைக்கதையைக் குறிக்கிற சொல். அதை ரான்ட்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் லியோ ரொஸ்டன் என்ற நகைச்சுவை எழுத்தாளர் என்பார்கள். அவர் ரான்டோடும் தொடர்புள்ளவர், ஹொலிவூட்டோடும் தொடர்புள்ளவர். ஆக, தாம் செய்வது கதை எழுதுகிற வேலை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. அது நமக்குத்தான் தெரியவில்லை.

இந்த வகையைப் பிரபலப்படுத்தியவர் ஹேர்மன் கான். 1960இல் வெளிவந்த அவருடைய அணுவாயுதப் போர் பற்றிய நூல் 600 பக்கங்களுக்கும் மேற்பட்டது. அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு நிரலில் அமெரிக்காவில் செத்தவர்களின் தொகை, அடுத்த நிரலில் பொருளாதாரம் தேறி வர எடுக்கும் காலம். 2 மில்லியன் பேர் இறந்தால் ஒரு வருடம். 10 மில்லியன் என்றால் ஐந்து வருடம். 160 மில்லியன் பேர் இறந்தால் நூறு வருடம். இந்த நிலைகள் எல்லாமே துயரமானவைதான், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்திப் பார்க்கலாம் என்பது கானின் வாதம். யோசிக்க மறுப்பதால் போர் வராமல் போய்விடாது என்று அவர் தன் பக்கத்தைச் சொன்னார். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1961இல் ஜேம்ஸ் நியூமன் அதற்கு மதிப்புரை எழுதியபோது இப்படியொரு மனிதர் உண்மையாகவே இருக்கிறாரா என்று சந்தேகம் கிளப்பினார். அவ்வளவு கோபம். மூன்று வருடம் கழித்து ஸ்டான்லி குப்ரிக் 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் ரான்டின் பெயரையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேலி செய்தார்.

எனக்கு அந்த அட்டவணையில் இடிக்கிறது எண்கள் அல்ல. நம்முடைய புறத்திணையிலும் வகைப்பாடு உண்டு. நிரை கவர்வதற்கு ஒன்று, மதில் வளைப்பதற்கு ஒன்று என்று பூவின் பெயரால் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள்ளேயே காஞ்சி இருக்கிறது, நிலையாமையைச் சொல்ல. கையறுநிலை இருக்கிறது, இறந்தவனை நினைத்து அழுவதற்கு. அரசனிடம் பரிசில் வாங்கிப் பாடிய சயங்கொண்டார்கூடக் களத்தின் பிணங்களை மறைக்கவில்லை. பேய்கள் கூழ் சமைக்கிற அந்தப் பகுதியைப் படிக்கிற எவருக்கும் வெற்றியின் மணம் என்னவென்று தெரிந்துவிடும். கூலிக்குப் பாடினாலும் களம் களமாகவே இருந்தது. சினாரியோவில் அழுகைக்கு இலக்கணம் வகுக்கப்படவில்லை. அதில் அழுதால் அது ஆய்வில்லை என்றாகிவிடும்.

இந்த வகை கானோடு முடிந்துபோன ஒன்றல்ல. 2023 ஜனவரியில் வொஷிங்டனிலுள்ள மூலோபாய, சர்வதேசக் கற்கைகளுக்கான நிலையம், 2026இல் சீனா தாய்வான் மீது படையெடுப்பதாக வைத்து 24 தடவை விளையாடிப் பார்த்த போர் விளையாட்டின் முடிவை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் சீனா தோற்கிறது. அமெரிக்காவுக்கும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள், நூற்றுக்கணக்கான விமானங்கள் என்று இழப்பு. முடிவில் வரும் பரிந்துரைகளில் ஒன்று, தூரத்திலிருந்து கப்பல்களை அடிக்கிற ஏவுகணைகளைக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்பது. அந்த நிலையத்துக்கு நன்கொடை கொடுப்பவர்களின் பட்டியலில் ஆயுத உற்பத்திக் கம்பனிகளும் இருக்கின்றன. அதை நிலையமே வெளியிடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கதையை எழுதுவது என்பது முதலே தீர்மானமாகிவிடுகிறது என்கிறேன். போர் வராமல் தவிர்க்கப்பட்ட ஒரு 2026ஐ இருபத்து நான்கு தடவை எழுதிப் பார்க்க யார் காசு கொடுப்பார்?

கதையில் பாத்திரங்கள் வேண்டும். இங்கேதான் பெயர் வருகிறது. வியட்நாமில் நடந்தது இதற்கு நல்ல பாடம்.

1964இல் பெந்தகனுக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்த வியட்கொங் ஆக்கள் யார், எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்? ரான்ட் சைகோனில் பாஸ்டர் வீதியில் ஒரு பெரிய வீட்டை எடுத்துக்கொண்டு கைதிகளையும் சரணடைந்தவர்களையும் பேட்டி காணத் தொடங்கியது. 1968 வரை நடந்த அந்த வேலையில் சுமார் 2,400 பேட்டிகள் எடுக்கப்பட்டன. முதலில் பொறுப்பாக இருந்த ஜோசப் சஸ்லொவ், ஜோன் டொனல் இருவரும் கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னார்கள். இவர்கள் தம் போராட்டத்தை நியாயமானதென்று நம்புகிறார்கள், தம்மை நாட்டுப்பற்றாளர் என்று கருதுகிறார்கள், இலேசில் கைவிடமாட்டார்கள். இதைக் கேட்ட பாதுகாப்புத் திணைக்களத்து உயரதிகாரி ஒருவர், அப்படியென்றால் நாங்கள் தோற்கப்போகிற பக்கத்திலல்லவா நிற்கிறோம் என்ற கருத்தில் சொன்னதாகப் பதிவிருக்கிறது. ஆனால் கொள்கை மாறவில்லை. 1965 மார்ச்சில் வடக்கின் மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று.

பிறகு பொறுப்புக்கு வந்தவர் லியோன் கூரே. அதே வகைப் பேட்டிகள், அதே விவசாயிகள். அவருடைய வாசிப்பு வேறு. குண்டுவீச்சு எதிரியின் மனத்தைக் குலைக்கிறது, கிராமத்தவர்கள் குற்றத்தை வியட்கொங் மேல்தான் சுமத்துகிறார்கள் என்றார். இந்தச் செய்தி மேலிடத்துக்கு இனித்தது. திட்டத்துக்குப் பணம் கூடியது. அதே கோப்புகளை அமெரிக்காவில் இருந்து வாசித்த கொன்ராட் கெலன் என்பவர், நாசி ஜெர்மனியின் நிழலிலிருந்து தப்பி வந்தவர், இந்த ஆக்களை உடைக்க முடியாது என்று எழுதினார். கேட்க ஆளில்லை.

ஒரே பிரதி, மூன்று வாசிப்பு. இலக்கிய மாணவருக்கு இதில் வியப்பில்லை. ஒரு செய்யுளுக்கு நச்சினார்க்கினியர் ஓர் உரை சொல்வார், இளம்பூரணர் இன்னொன்று சொல்வார். அங்கே பிழையான உரைக்கு யாரும் சாவதில்லை. இங்கே எந்த உரையைத் தெரிந்தெடுப்பது என்பது பணம் கொடுப்பவரின் கையில் இருந்தது. ஆய்வு நிலையத்தில் உண்மை பேசுவோர் இல்லாமல் போகவில்லை, இருந்தார்கள். டானியல் எல்ஸ்பெர்க் ரான்டில் இருந்தபடிதான் ஏழாயிரம் பக்க வியட்நாம் ஆவணங்களைப் படியெடுத்து, 1971 ஜூனில் அவை பத்திரிகையில் வெளிவரச் செய்தார். உண்மை உள்ளே இருப்பது போதவில்லை, அது கோப்பை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது.

இந்தக் கதையை விரிவாகச் சொல்கிற நூலை 2010இல் ரான்டே வெளியிட்டது. எழுதியவர் மாய் எலியட் என்ற வியட்நாமியப் பெண். அந்தப் பேட்டிகளை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். தன் குடும்பத்தின் நான்கு தலைமுறை வரலாற்றையும் தனி நூலாக எழுதியவர். தன்னைப் பற்றிய குறைகளையும் அச்சிடுகிற இந்தக் குணத்தை நாம் அவர்களிடமிருந்து படிக்கலாம். நம்மட நிறுவனங்கள் எத்தனை அப்படியொரு நூலைப் போட்டிருக்கின்றன?

வியட்நாம் விவசாயி இருந்த இடத்தில் 2001 செப்டெம்பருக்குப் பிறகு நாங்கள் வந்து அமர்ந்தோம். 2003இல் ஷெரில் பெனார்ட் எழுதிய 'சிவில் ஜனநாயக இஸ்லாம்' அறிக்கை வந்தது. அடுத்த வருடம் முஸ்லிம் உலகம் பற்றி ஏஞ்சல் றபாசா குழுவினரின் பெரிய அறிக்கை. அது அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்பட்டது. தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் அதற்குள் அடக்கம். ஒரு விமானப்படைக்கு மத்ஹபும் தரீக்காவும் எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். இருபது வருடம் கழித்து எந்த நாட்டில் தளம் கிடைக்கும், எந்த நாட்டு மக்கள் வீதிக்கு இறங்குவார்கள் என்று கணக்குப் போடுகிறவருக்கு அது தேவைதான்.

பெனார்டின் அறிக்கை முஸ்லிம்களை நான்கு பெட்டிக்குள் போடுகிறது: அடிப்படைவாதிகள், மரபுவாதிகள், நவீனத்துவவாதிகள், மதச்சார்பற்றோர். ஹிஜாப், பலதார மணம், ஜனநாயகம், சிறுபான்மையினர் என்று விடயம் விடயமாக ஒவ்வொரு பெட்டியின் நிலைப்பாட்டையும் அட்டவணை போட்டுக் காட்டுகிறது. பிறகு பரிந்துரை. நவீனத்துவவாதிகளை முதலில் ஆதரி, அடிப்படைவாதிகளுக்கு எதிராக மரபுவாதிகளுக்குத் துணைபோ, ஸூபித்துவத்தை ஊக்குவி. பின்னிணைப்புகளில் ஒன்று ஹதீஸ்களை வைத்து வாதாடுவதைப் பற்றியது, இன்னொன்று ஹிஜாபைப் பற்றியது. எழுதியவர் நாவலாசிரியரும்கூட, பாகிஸ்தானைக் களமாக வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறார். அறிக்கையின் நடையில் அந்தக் கை தெரிகிறது. பாத்திரங்கள் சட்டென்று அடையாளம் காணக்கூடியவை, தட்டையானவை. துப்பறியும் கதைக்கு அது போதும்.

இந்தப் பெட்டிகளில் சித்தி லெப்பையை எங்கே வைப்பது? 'முஸ்லிம் நேசன்' நடத்தினார், ஆங்கிலக் கல்விக்காகப் போராடினார், பெண் கல்விக்காக நின்றார், தமிழில் 'அசன்பே சரித்திரம்' நாவலை 1885இல் தந்தார். நவீனத்துவவாதி என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் தஸவ்வுப் பற்றி 'அஸ்றாறுல் ஆலம்' எழுதியவரும் அவர்தானே? அவ்வளவு தூரம் ஏன், ஊரில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தம் ஓதுவார், வங்கி வட்டியைத் தொடமாட்டார், மகளைப் பேராதனைக்கு அனுப்பிப் படிப்பிப்பார், ஒவ்வொரு தேர்தலிலும் முதல் ஆளாகப் போய் வாக்குப் போடுவார். நான்கு பெட்டியிலும் அவருடைய ஒவ்வொரு கால் இருக்கிறது. நல்ல நாவலாசிரியருக்கு அவர் பொக்கிஷம். திட்டமிடுகிறவருக்கு அவர் இடைஞ்சல், ஏனென்றால் அவரை எந்த நிரலிலும் கூட்ட முடியாது.

இந்த அறிக்கைக்கு வந்த விமர்சனங்களில் ஆழமானது, குவெட்டாவில் பிறந்து அமெரிக்காவில் மானிடவியல் கற்பித்த மறைந்த சபா மஹ்மூத் 2006இல் எழுதியது. ஆயுதம் தூக்கியவர்களைவிட, வேதத்தை மரபுவழியில் அணுகும் சாதாரண முஸ்லிமைத்தான் இந்த அறிக்கை திருத்த நினைக்கிறது என்று அவர் காட்டினார். வன்முறை செய்யாதவரின் வாசிப்பு முறையே பாதுகாப்புப் பிரச்சினையாகிவிடுகிறது. வாசிப்பு என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று ரான்டுக்குத் தெரிந்த அளவுக்கு நம்மட பாடசாலைகளுக்குத் தெரியவில்லை என்று ஒரு மனத்தாங்கல் எனக்கு உண்டு. அது வேறு கதை.

2007இல் இதே ஆட்கள் 'மிதவாத முஸ்லிம் வலையமைப்புகளைக் கட்டுதல்' என்று இன்னொரு அறிக்கை தந்தார்கள். அதற்கு முன்மாதிரியாக எடுத்தது பனிப்போர்க் காலத்துப் பண்பாட்டு அமைப்புகளை. அவற்றில் முக்கியமானது 1950இல் பேர்ளினில் தொடங்கிய பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ். சஞ்சிகைகள், மாநாடுகள், பரிசுகள் என்று எழுத்தாளர்களை அது ஒன்று சேர்த்தது. பணம் சிஐஏயிடமிருந்து வந்தது என்பது 1966, 67இல் அம்பலமாயிற்று. அரபியில் அதன் சஞ்சிகை 'ஹிவார்', பெய்ரூத்திலிருந்து வந்தது, ஆசிரியர் பலஸ்தீனக் கவிஞர் தௌபீக் ஸாயிக். தரமான சஞ்சிகை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். எகிப்தியச் சிறுகதையாசிரியர் யூஸுப் இத்ரீஸ் 1965இல் அதன் பரிசை மறுத்தார். 1967இல் சஞ்சிகை நின்றது. ஸாயிக் அமெரிக்காவுக்குப் போய் 1971இல் அங்கேயே இறந்தார். திட்டம் போட்டவர்களுக்கு அது ஒரு கோப்பு. மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார்கள். அந்த ஏடுகளில் நேர்மையாக எழுதியவர்கள் மீதும் சேறு ஒட்டிக்கொண்டது. இந்தப் பின்விளைவை முன்மாதிரியாக எடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான், ஏனென்றால் சேறு விழுவது நம் மீது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நாட்டில் 'நல்ல முஸ்லிம்' யார் என்று கேள்வி எழுந்தபோது நம்மில் பலர் தாமாகவே பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். நாங்கள் ஸூபிகள், அவர்கள்தான் வஹ்ஹாபிகள் என்று ஒருவர். நாங்கள் தௌஹீத்காரர்தான், ஆனால் மிதவாதிகள் என்று இன்னொருவர். இந்தப் பிரிவினையை ரான்ட் கொண்டுவரவில்லை. தரீக்காக்காரருக்கும் தௌஹீத்காரருக்கும் இடையிலான சச்சரவு கிழக்கில் அந்த அறிக்கைகளுக்கு முன்பே இருந்தது. ஆனால் உள்வீட்டுச் சச்சரவை அரசுகளின் பாதுகாப்புச் சொற்களில் பேசுகிற வழக்கம் புதிது. கொள்கை பிழை என்று சொன்ன வாய், 'ஆபத்தானவர்' என்று சொல்லப் பழகியது.

மறுபக்கம் இன்னும் கசப்பானது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று நம்மட பெண்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். காதி நீதிமன்ற வாசலில் கைக்குழந்தையோடு நின்றவள் கேட்கிறாள். சிறுவயது மணம் பற்றி, பிள்ளைச் செலவு பற்றிக் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் தப்புவதற்கு ரான்ட் அறிக்கை நமக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. 'இது மேற்கின் நிகழ்ச்சி நிரல்' என்றால் முடிந்தது. சான்டா மொனிக்காவில் ஒருவர் அவளை 'நவீனத்துவவாதி, ஆதரிக்கப்பட வேண்டியவள்' என்று பெட்டியில் போடுகிறார். இங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் அதே பெட்டியை எடுத்து, 'ஆகவே சந்தேகத்துக்குரியவள்' என்று மூடுகிறார். பெட்டி ஒன்றுதான். அவள் சொன்ன மூன்று வசனத்தை இரண்டு பேரும் கேட்கவில்லை.

சைகோன் வீட்டில் எடுத்த பேட்டிகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. கூரேயின் முடிவுரைகளை யாரும் இப்போது தேடுவதில்லை. நெல் வயலையும் வரியையும் செத்துப்போன தம்பியையும் பற்றி அந்த விவசாயிகள் சொன்னதைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதி நீதிமன்றங்களுக்கு வந்துபோகிற நம்மட பெண்கள் சொல்வதையும் அப்படி எழுதி வைக்க ஒரு ஆய்வு நிலையம் நமக்குத் தேவை. அதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை. ஒலிப்பதிவு செய்ய ஒரு கைபேசியும், இடைமறிக்காமல் கேட்கத் தெரிந்த நாலு பிள்ளைகளும் போதும்.